99.72 சதவீதம் இருந்தால் உயர்தூய குவார்ட்ஸ் ஆகிவிடுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கொட்டாம்பட்டி பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. பட்டா அப்பா பேரில். வடகோடியில் ஆளுயரத்துக்கு வெங்கச்சங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ்) பாறை நிற்கிறது, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று கல் இறைந்து கிடக்கிறது. வெளியூர்த் தரகர் ஒருவர் அதில் கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்து ரிப்போர்ட் கொடுத்தார். சிலிக்கா 99.72, அலுமினா 0.14, இரும்பு ஆக்ஸைடு 0.03, டைட்டானியம் ஆக்ஸைடு 0.01, கால்சியம் ஆக்ஸைடு 0.02, பொட்டாசியம் ஆக்ஸைடு 0.03, சோடியம் ஆக்ஸைடு 0.02, எரிப்பு இழப்பு (சூடாக்கும்போது குறையும் எடை) 0.03 என்று இருக்கிறது. "இது ஹை ப்யூரிட்டி குவார்ட்ஸ், சிப் செய்யும் கம்பெனிக்குப் போகும், டன் லட்சக்கணக்கில் விலை" என்கிறார். பத்து வருஷ ஒப்பந்தமும், ஏற்றுமதிப் பதிவுக்கு எங்கள் பங்காக 3 லட்சமும் கேட்கிறார். கப்பலூர் சிட்கோவில் கல்லை மாவாக்கும் பல்வரைசர் வைத்திருக்கும் என் மச்சான், "ஒப்பந்தம் எதுக்கு, நாமே அரைச்சு வித்துருவோம்" என்கிறார். என்ன செய்யட்டும்?
— மேலூர் வட்ட வாசகர்

பதில்: முதலில் 3 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டே, அந்தக் கல் இப்போதிருக்கும் நிலையில் உயர்தூய குவார்ட்ஸ் இல்லை என்று சொல்கிறது. சுத்தம் செய்தால் அந்தத் தரத்துக்கு வருமா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்த ரிப்போர்ட்டில் பதில் இல்லை.

இந்தத் தொழிலில் சிலிக்கா எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை. மிச்சம் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். அதையும் சதவீதத்தில் பேச மாட்டார்கள், பிபிஎம் கணக்கில் பேசுவார்கள். ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு டன் கல்லில் ஒரு கிராம். 99.72 சதவீதம் என்றால் மிச்சம் 0.28 சதவீதம், 2,800 பிபிஎம். உங்கள் கல்லில் டன்னுக்கு 2 கிலோ 800 கிராம் வேறு பொருள் இருக்கிறது. உயர்தூய குவார்ட்ஸ் என்று சொல்ல எல்லா அந்நியத் தனிமங்களும் சேர்ந்து டன்னுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதாவது 99.995 சதவீதம். மூசை, அதாவது சிலிக்கானை உருக்கும் குவார்ட்ஸ் பாத்திரம், செய்யும் தொழிற்சாலைகள் கேட்பது அதைவிடவும் குறைவு, 20 கிராம் அளவில்.

தனித்தனியாகவும் வரம்பு உண்டு. கனிமவியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவுகோல் இது: அலுமினியம் 30 பிபிஎம், டைட்டானியம் 10, சோடியமும் பொட்டாசியமும் தலா 8, லித்தியமும் கால்சியமும் தலா 5, இரும்பு 3, பாஸ்பரஸ் 2, போரான் 1. ஒவ்வொன்றும் இதற்குக் கீழே இருக்க வேண்டும், மொத்தமும் 50-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் ரிப்போர்ட் ஆக்ஸைடாகக் கொடுத்திருப்பதைத் தனிமமாக மாற்றித்தான் இதோடு ஒப்பிட வேண்டும். அலுமினாவை 0.53-ஆல் பெருக்கினால் அலுமினியம், இரும்பு ஆக்ஸைடை 0.70-ஆல் பெருக்கினால் இரும்பு, டைட்டானியம் ஆக்ஸைடை 0.60-ஆல் பெருக்கினால் டைட்டானியம். அப்படிப் பார்த்தால் உங்கள் கல்லில் அலுமினியம் 740, இரும்பு 210, டைட்டானியம் 60. உலகச் சந்தையில் அளவுகோலாக வைக்கப்படும் அமெரிக்காவின் வட கரோலினா, ஸ்ப்ரூஸ் பைன் குவார்ட்ஸில், சுத்தம் செய்து விற்கும் சாதாரண ரகத்திலேயே அலுமினியம் சுமார் 16, டைட்டானியம் ஒன்றரைக்கும் கீழே, இரும்பு கால் பிபிஎம் அளவு.

ரிப்போர்ட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். எட்டு எண்களையும் கூட்டினால் அச்சாக 100.00 வருகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்திருந்தால் 99.8, 100.2 என்று முன்னே பின்னேதான் வரும். சிலிக்காவை அளக்காமல், மற்றதைக் கூட்டி நூறில் கழித்துப் போட்டிருக்கிறார்கள். அல்லது மொத்தத்தை நூறுக்குச் சரிக்கட்டியிருக்கிறார்கள். டைல்ஸ் கம்பெனிக்கு இது போதும் என்பதால் லேப் தவறு செய்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இது எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்-கதிர் சோதனையாகத்தான் இருக்கும். பத்து இருபது பிபிஎம் அளவுக்குக் கீழே அது தடுமாறும். லித்தியத்தையும் போரானையும் அதனால் பார்க்கவே முடியாது. உயர்தூயத் தரத்தைத் தீர்மானிக்கும் இரண்டு தனிமங்கள் அந்தத் தாளில் இடம்பெறவே இல்லை.

சிப் கம்பெனிக்குப் போகும் என்ற பேச்சுக்கு வருகிறேன். சிப்புக்கான சிலிக்கான் உயர்தூய குவார்ட்ஸிலிருந்து வருவதில்லை. நல்ல கட்டிக் குவார்ட்ஸைக் கரியோடு மின்வில் உலையில் உருக்கி முதலில் 98, 99 சதவீதச் சிலிக்கான் உலோகம் எடுக்கிறார்கள். அதைக் குளோரின் சேர்ந்த வாயுவாக மாற்றி, காய்ச்சி வடித்துத்தான் பாலிசிலிக்கான் என்ற மிகத் தூய சிலிக்கான் ஆக்குகிறார்கள். தூய்மை அங்கேதான் பிறக்கிறது. உயர்தூய குவார்ட்ஸ் தேவைப்படுவது அந்தப் பாலிசிலிக்கானை 1,414 டிகிரிக்கு மேல் உருக்கி ஒற்றைப் படிகமாக இழுக்கும்போது, அது கிடக்கும் மூசைக்கு. உருகிய சிலிக்கான் மூசையின் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். சுவரில் என்ன இருக்கிறதோ அது உருகலில் கலந்துவிடும்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் ஏன் இத்தனை கெடுபிடி என்பது இங்கேதான் புரியும். படிகம் இறுகும்போது இரும்பு பெரும்பாலும் உருகலிலேயே தங்கிவிடும், லட்சத்தில் ஒரு பங்குகூடப் படிகத்துக்குள் ஏறாது. போரான் அப்படியில்லை, உருகலில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் படிகத்துக்குப் போய்விடும். பாஸ்பரஸ் மூன்றில் ஒரு பங்கு போகும். இவை இரண்டும் சிலிக்கானின் மின்குணத்தையே மாற்றுபவை. அதனால்தான் மூசைக்குப் போகும் குவார்ட்ஸில் போரானைப் பத்தில் ஒரு பிபிஎம் அளவுக்குக் கீழே கேட்கிறார்கள். சோடியம், பொட்டாசியம், லித்தியம் செய்யும் கெடுதல் வேறு. அந்தச் சூட்டில் மூசையின் கண்ணாடிச் சுவர் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறுவதை இவை துரிதப்படுத்தும். சுவர் செதில் செதிலாகப் பெயர்ந்து உருகலில் விழும், இழுத்துக்கொண்டிருக்கும் படிகம் கெட்டுப்போகும்.

இன்னொரு எதிரி குமிழி. எந்த ரசாயன ரிப்போர்ட்டிலும் அது வராது. வெங்கச்சங்கல் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் தூய்மை இல்லை. கல் உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட உப்புத் தண்ணீரும் வாயுவும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளிகளாக இருக்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் வெள்ளை. உருக்கும்போது அந்தத் துளிகள் குமிழியாகிவிடும், மூசையின் உள்சுவரில் குமிழி வெடித்தால் அந்த மூசை வீண். எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு சுத்தம் என்று தரகர் சொல்லியிருந்தால், இந்த வேலைக்கு அது நேர் தலைகீழ். கண்ணாடி போலத் தெளிந்த கல்தான் மேல். அந்தத் துளிகளில் இருப்பது உப்புத் தண்ணீர் என்பதால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூடவே கொண்டுவரும்.

இனி உங்கள் கல்லில் உள்ள 2,800 கிராமில் எது போகும், எது போகாது என்று பார்க்கலாம். விரிசலில் படிந்த செம்மண்ணும் இரும்புக் கறையும் கழுவினால், மிதமான அமிலத்தில் போட்டால் போய்விடும். தனித் துணுக்காகக் கிடக்கும் ஃபெல்ஸ்பாரையும் (அலுமினியத்தோடு பொட்டாசியம், சோடியம் அல்லது கால்சியம் கலந்த கனிமம்) அப்பிரகத்தையும் (மைக்கா) நுரை மிதப்பு முறையில் பிரிக்கலாம். ஆனால் குவார்ட்ஸ் படிகத்தின் அணுக்கட்டுக்குள்ளேயே சிலிக்கான் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்ட அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் எந்த அமிலமும் வெளியே எடுக்காது. இந்தத் தொழிலின் முழு ரகசியமும் இதுதான். ஸ்ப்ரூஸ் பைனில் கல்லை வெட்டி எடுக்கும்போது ஃபெல்ஸ்பாரும் அப்பிரகமும் மண்டிக் கிடக்கும். ஆனால் அவற்றைப் பிரித்தபின் மிஞ்சும் குவார்ட்ஸ் மணியின் உள்ளே அந்நியத் தனிமம் மிகக் குறைவு. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளத்தில் அந்த ஊர்ச் சுரங்கங்கள் நின்றபோது உலகமே பதறியதற்குக் காரணம், அப்படிப்பட்ட கல் வேறு எங்கும் அந்த அளவில் கிடைப்பதில்லை என்பதே.

உங்கள் எண்களை வைத்தே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். பொட்டாசியம் முழுவதும் பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரிலிருந்து வந்தது என்று வைத்தால், 0.03-க்கு அதே அளவு, சுமார் 0.03 அலுமினா ஒட்டி வரும். சோடியம் 0.02-க்கு இன்னொரு 0.03. கால்சியத்தையும் ஃபெல்ஸ்பார் கணக்கில் சேர்த்தால் மேலும் 0.04. ஆக 0.14-இல் 0.10 வரை ஃபெல்ஸ்பார் கணக்கில் போய்விடுகிறது. மிச்சம் 0.04, அதாவது அலுமினியமாக 200 பிபிஎம் அளவு. அது களிமண்ணாகவோ அப்பிரகமாகவோ இருந்தால் பிழைத்தீர்கள், பிரித்துவிடலாம். அணுக்கட்டுக்குள் இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது, 30 என்ற வரம்பை எந்த மெஷினாலும் எட்ட முடியாது. எக்ஸ்ஆர்எஃப் எண்களை வைத்துப் போட்டதால் இந்தக் கணக்கைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். அடுத்த சோதனைக்குச் செலவழிக்கலாமா என்று முடிவு செய்ய இது போதும்.

டைட்டானியம் விஷயத்தில் நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மேலூர், நத்தம், கொட்டாம்பட்டி எல்லாம் புவியியலாளர்கள் மதுரை பிளாக் என்று சொல்லும் பாறைத் தொகுதியில் வருகின்றன. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஆழத்தில் கடுஞ்சூட்டில் வெந்த பாறைகள் இவை, சில இடங்களில் 900 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. குவார்ட்ஸ் எவ்வளவு சூட்டில் படிகமாகிறதோ அவ்வளவு டைட்டானியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் டைட்டானியக் கனிமம் இருந்தால் 750 டிகிரியில் 100 பிபிஎம் அளவு ஏறிவிடும். 530 டிகிரியில் 10 பிபிஎம்தான். அதனால் பழைய பாறையோடு சேர்ந்தே வெந்த குவார்ட்ஸில் நம்பிக்கை வைக்க முடியாது. பிற்காலத்தில், சூடு குறைந்தபிறகு விரிசலில் புகுந்து உறைந்த கல்லாக இருந்தால் வாய்ப்பு உண்டு.

இதை நிலத்தில் நின்றே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சுற்றியுள்ள கிரானைட் பாறையில் கருப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடும். வெள்ளைக்கல் அந்த வரிகளோடு ஒரே திசையில் போகிறதா, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். குறுக்கே வெட்டினால் அது பின்னால் வந்தது. கல்லோடு பெரிய பெரிய ஃபெல்ஸ்பார் கட்டிகளும் அப்பிரகத் தகடுகளும் இருந்தால் அது பெக்மடைட் என்ற பாறை வகை, அதையும் சோதிக்கலாம். குவார்ட்ஸ் உடைந்தால் கண்ணாடிச் சில்லு போல வளைந்து உடையும். ஃபெல்ஸ்பார் தட்டையான முகமாக உடைந்து வெயிலில் பளிச்சென்று மின்னும், இதை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். கருப்பு ஊசி அல்லது கோல் போன்ற கனிமம் தென்பட்டால் கவனம். அது டூர்மலைனாக இருக்கலாம், டூர்மலைனுக்குள் போரான் இருக்கிறது. கல்லை உடைத்துத் தூளாக்கி, பாலித்தீன் உறையில் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டுங்கள். கருந்துகள் ஒட்டினால் இரும்புக் கனிமம் உள்ளே கலந்திருக்கிறது.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தரகர் எடுத்துப்போனது தரையில் கிடந்த நல்ல வெள்ளைத் துண்டு ஒன்றாக இருக்கும். அது உங்கள் பாறைக்குப் பிரதிநிதி ஆகாது. பாறையின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை குறுக்காக ஐந்து இடத்தில், இடத்துக்கு ஐந்து கிலோ வீதம் எடுங்கள், ஒன்றோடொன்று கலக்காதீர்கள். வெயிலும் மழையும் பட்ட மேல்தோலை விட்டு உள்ளே புதுமுகம் தெரியும் துண்டாக இருக்கட்டும். கையால் எடுக்கும் அளவு போதும். ஜேசிபி, குழி, வெடி எதுவும் வேண்டாம். உரச் சாக்கிலோ சிமென்ட் சாக்கிலோ போடவே கூடாது. பொட்டாஷும் பாஸ்பேட்டும் கால்சியமும் அங்கிருந்தே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எத்தனை நல்ல லேப்பும் தப்பாகத்தான் சொல்லும். புதுப் பாலித்தீன் பையை இரட்டையாகப் போட்டு, எந்த இடம், என்றைக்கு எடுத்தது என்று சீட்டு எழுதி இரண்டு பைக்கும் நடுவே வையுங்கள். சுத்தியல் பட்ட இடத்தில் இரும்பு இழுபட்டிருக்கும், அந்த முகங்களைத் தவிர்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதுங்கள்.

சோதனையைப் படிப்படியாகச் செய்தால் செலவு மிச்சம். முதல் படி மலிவானது. கழுவிய துண்டுகளை லேப்பில் மஃபிள் உலையில் 1,000 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். வெளியே வரும்போது தூய வெள்ளையாக இருந்தால் நல்லது. இளஞ்சிவப்போ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் இரும்பு பரவிக் கிடக்கிறது. சூடேறும்போது படபடவென்று வெடித்துச் சிதறினால் உள்ளே திரவத் துளிகள் அதிகம். வீட்டு அடுப்பில் இதைச் செய்ய வேண்டாம், சில்லு கண்ணில் தெறிக்கும்.

இரண்டாம் படி, கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. திரவத் துளி எவ்வளவு, ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்தின் ஊசி இருக்கிறதா, ஃபெல்ஸ்பார் தனித்துணுக்கா, மணிக்குள் புதைந்திருக்கிறதா என்று ஒரு நல்ல புவியியலாளர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் புவியியல் துறைகள் இருக்கின்றன, அங்கே விசாரியுங்கள். ஐந்து மாதிரியும் இந்த இடத்திலேயே தோற்றால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

தேறினால் மூன்றாம் படி. கல்லை 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் மணியாக்கி, காந்தத்தில் ஓட்டி, ஃபெல்ஸ்பாரைப் பிரித்து, ஹைட்ரோஃபுளோரிக்–ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, அதன்பிறகு மிக நுண்ணளவுத் தனிமங்களையும் காட்டும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்க வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன் ஒரு எண், பின் ஒரு எண், இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிரிக்க முடிந்த அழுக்கு. பின்னால் மிஞ்சுவதுதான் அணுக்கட்டுக்குள் இருப்பது, உங்கள் கல்லின் அசல் மதிப்பு அந்த எண்தான். கனிமச் சுத்திகரிப்பை ஆராய்ச்சி அளவில் செய்யும் அரசு நிறுவனம் புவனேஸ்வரத்தில் உள்ள கனிமங்கள் மற்றும் பொருட்கள் தொழில்நுட்ப நிறுவனம். நுண்ணளவுப் பகுப்பாய்வுக்கு ஹைதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் தேசிய மையம் ஒன்று இருக்கிறது.

லேப்பிடம் மூன்று விஷயம் எழுதிக் கேளுங்கள். எந்த மில்லில் அரைக்கிறீர்கள்? இரும்பு மில் என்றால் இரும்பு ஏறும், டங்ஸ்டன் கார்பைடு என்றால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் ஏறும், அகேட் அல்லது ஜிர்கோனியா வேண்டும். போரானைத் தனி முறையில் அளக்கிறீர்களா? ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து ஆவியாக்கும்போது சிலிக்கானோடு சேர்ந்து போரானும் ஆவியாகிவிடும், கவனிக்காத லேப் "போரான் இல்லை" என்று எழுதிவிடும். வெற்று மாதிரியின் எண்ணைக் கொடுப்பீர்களா? அதாவது கல்லே போடாமல் அமிலத்தை மட்டும் அளந்தால் என்ன வருகிறது என்பது. ஒரே மாதிரியை இரண்டு வேறு பெயர்ச் சீட்டோடு அனுப்பிப் பாருங்கள். இரண்டு முடிவும் ஒத்துப்போகாத லேப்பின் தாளை வைத்து வியாபாரம் பேச முடியாது.

அமிலத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. "ஆசிட் வாஷ் பண்ணினால் தரம் ஏறிடும், தோட்டத்திலேயே ஒரு ஷெட் போடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் பல சமயம் உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைக் கட்டிப்போடும். உள்ளங்கை அளவு பட்டாலே உயிருக்கு ஆபத்து. கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், காற்றிழுப்புப் பெட்டியும், கழிவுநீர் சுத்திகரிப்பும், பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத இடத்தில் அதை வைத்திருக்கவே கூடாது. அந்தத் தண்ணீர் கிணற்றில் இறங்கினால் ஃபுளோரைடு ஊரையே பாதிக்கும்.

சோதனையில் கல் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விற்பது எளிதில்லை. மூசைக் கம்பெனிகள் புதுக் குவார்ட்ஸை மாதிரி அளவில், பிறகு டன் அளவில், மூசை செய்து, படிகம் இழுத்துப் பார்த்துத்தான் ஏற்கும். எல்லா லோடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு லோடு பிசகினால் அதோடு சரி. விலையும் நிலையானதில்லை. 2023-இல் சோலார் தேவை உச்சத்தில் இருந்தபோது சீனாவில் மூசையின் உள்அடுக்கு மணல் டன் 4 லட்சம் யுவான் வரை போனது. அடுத்த ஆண்டே சோலார் சந்தை சரிந்ததும் விலை பல மடங்கு விழுந்தது. தரகர் காட்டும் "டன் லட்சக்கணக்கில்" என்பது அந்த உச்சத்தில், முழுக்கச் சுத்தம் செய்து முடித்த மணலின் விலை. வெட்டி எடுத்த கல்லின் விலை இல்லை.

சட்டம் இன்னொரு பெரிய சுவர். 2015 முதல் குவார்ட்ஸ் சிறுகனிமப் பட்டியலில் இருந்தது. 2025 பிப்ரவரி 20 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், அப்பிரகம், பேரைட்ஸ் நான்கையும் பெருங்கனிமமாக மாற்றிவிட்டது. இவற்றோடு லித்தியம், பெரில் போன்ற முக்கியக் கனிமங்களும் சேர்ந்து கிடைக்கலாம் என்பது காரணம். பெருங்கனிமத்துக்குப் புதுச் சுரங்கக் குத்தகை ஏலத்தில்தான் கிடைக்கும். பட்டா உங்கள் அப்பா பேரில் இருப்பதால் கல்லை வெட்டி விற்கும் உரிமை வந்துவிடாது. குத்தகையும் போக்குவரத்துச் சீட்டும் இல்லாமல் ஒரு லாரி போனாலும் வண்டி பறிமுதல். தண்டனை ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் வரை அபராதம். வழக்கு வந்தால் முதலில் மாட்டுவது பட்டாதாரரும் டிரைவரும்தான், தரகர் இல்லை. மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, அந்த இடம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது, ஏதாவது குத்தகை நிலுவையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் நம்முடையது என்று நினைக்கும் பாறை, கிராமக் கணக்கில் கல்லாங்குத்துப் புறம்போக்காகவும் இருக்கலாம். எஃப்எம்பி என்ற புல அளவை வரைபடத்தை வைத்து எல்லையை அளந்துவிடுவது நல்லது.

உங்கள் மச்சானின் யோசனையில் ஒரு பாதி சரி. அவருடைய பல்வரைசரில் உயர்தூய குவார்ட்ஸ் ஒருநாளும் வராது. கல்லை உடைக்கும் ஜா கிரஷரின் மாங்கனீசு எஃகுத் தாடையும் சுத்தியலும் குவார்ட்ஸில் தேயும், தேய்ந்த இரும்பு பொடியில் கலக்கும். ஆனால் 99.7 சதவீதக் கல்லுக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. கோயம்புத்தூர் வார்ப்படத் தொழிற்சாலைகளில் இன்டக்ஷன் உலையின் உள்பூச்சுக்கு ராமிங் மாஸ் என்ற, இடித்து இறுக்கும் குவார்ட்ஸ் கலவை தினமும் தேவை. அதற்குத் தூய்மையைவிட மணிகளின் அளவுப் பங்கீடுதான் முக்கியம். பருமணி, நடுமணி, மாவு மூன்றும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் இறுகி உட்காரும். இரும்புத் துகள் இருந்தால் அந்த இடத்தில் பூச்சு உருகி ஓட்டை விழும், அதனால் அரைத்தபின் வலுவான காந்தத்தில் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். ஈரம் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கும், தண்ணீர் வடிகட்டிகளுக்கும், செயற்கைக் குவார்ட்ஸ் பலகைக்கும் பொடியும் மணியும் போகும். இரும்பு ஆக்ஸைடு 0.03 என்பதால் சோலார் கண்ணாடிக்கு இப்போதைக்குப் போகாது, அங்கே 0.01-க்குக் கீழே கேட்பார்கள். இதற்கெல்லாம் உங்கள் பாறையைத் தொடத் தேவையில்லை. கரூர், நாமக்கல் பக்கம் குத்தகை உள்ள குவாரிகளில் சீட்டோடு கட்டிக்கல் வாங்கி அரைக்கலாம்.

அரைப்பதானால் தூசி விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் மாவு சுவாசத்தில் போனால் சிலிகோசிஸ் வரும், வந்த நுரையீரலைத் திருப்பிச் சரிசெய்ய மருந்து இல்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் இந்தத் தூசி இருக்கிறது. துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பது எதையும் தடுக்காது, கெடுதல் செய்யும் துகள் துணியின் இழை வழியே போகும். கிரஷர் வாயில் தண்ணீர்த் தெளிப்பு, பல்வரைசருக்கும் மூட்டை நிரப்பும் இடத்துக்கும் உறிஞ்சு குழாயோடு பேக் ஃபில்டர், ஆளுக்கு என்95-க்குக் குறையாத முகமூடி, வருடம் ஒருமுறை மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் சோதனை. தரையைக் கூட்டக் கூடாது, ஈரத்தால் துடைக்க வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தபிறகும் லாபம் நின்றால் மட்டும் தொழிலில் இறங்கட்டும்.

தரகர் மறுபடி வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். சுத்தம் செய்தபின் ஐசிபி-எம்எஸ் எண் எங்கே? வாங்கும் கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் கொடுத்த தரக்குறிப்பு எங்கே? எந்தக் குத்தகையின் பேரில் கல் வெளியே போகும்? உண்மையில் வாங்குபவராக இருந்தால் சோதனைச் செலவை அவரே ஏற்பார், விற்பவரிடம் பதிவுக் கட்டணம் கேட்க மாட்டார். பவர் பத்திரமோ அசல் பட்டாவோ எதையும் கையில் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே அப்பா எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகலை வாங்கி, மேலூரில் ஒரு வக்கீலிடம் இந்த வாரமே காட்டுங்கள். வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டுப் பாருங்கள், பதிவு செய்த குத்தகைப் பத்திரம் ஏதும் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.